எறும்புப் புற்றுக் கேக்கும் பால் ஸ்டோர் ஆசிட்டும்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அடுப்படியில் முறுக்குக்கு அடுத்தபடியாக மணப்பது கருகிய சீனிதான். மலாய்க்காரர்கள் 'கெக் சாராங் செமுட்' என்று அழைக்கும் எறும்புப் புற்றுக் கேக்குக்கு அதுவே அடிப்படை. வெட்டிப் பார்த்தால் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும் நீண்ட துளைகள் புற்றின் வளைகளைப் போலவே இருக்கும்.

தண்ணீர் விடாமல் வெறுஞ்சட்டியில் காயும் சீனி, சுமார் 160 பாகை செல்சியசைத் தாண்டியதும் உருகுவதோடு நில்லாமல் சிதையவும் தொடங்குகிறது. அதன் மூலக்கூறு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளந்து, நீரை இழந்து, பழுப்பு நிறமும் கசப்பும் மணமும் தரும் நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களாக மாறுகிறது. இந்த நிலையில் நீரை ஊற்றினால் சட்டி சீறும். ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவதால், கை நீட்டி ஊற்றுபவர் முகத்தை விலக்கிக்கொள்வது நல்லது.

சீனி சிதையும்போது அசிட்டிக், பார்மிக் போன்ற அமிலங்களும் சிறிதளவு உண்டாகின்றன. பார்மிக் அமிலம் நமக்குப் புதியதல்ல. ரப்பர்ப் பாலில் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்து, பாலைக் கட்டியாக உறைய வைப்பதற்காகத் ரப்பர்த் தோட்டத்தில் பாலைச் சேகரிக்கும் பால் ஸ்டோரில் கலந்த அதே ஆசிட்தான் அது. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் அதை எறும்புகளைக் காய்ச்சி வடித்தே பெற்றார் என்பதால், இந்தக் கேக்கின் பெயர் எனக்குக் கூடுதலாகவே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

ஆறிய பாகில் வெண்ணெய், முட்டை, டின் பால், மாவு ஆகியவற்றோடு ஆப்பசோடாவும் சேர்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் சோடா, போதிய அமிலம் கிடைத்தால் அறை வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும். வெறும் சூட்டால் மட்டும் சிதைந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். பாகின் அமிலம் கொஞ்சமே என்பதால் பெரும்பங்கு வேலையைச் சூடே செய்கிறது. மாவு நீர்த்தாக இருப்பதாலும், 'ஓவன்' அடுப்பில் அடிப்பக்கத் தணலையே முதலில் வைப்பதாலும், கீழே பிறக்கும் குமிழிகள் இன்னும் இறுகாத மேல்மாவைத் துளைத்துக்கொண்டு ஏறுகின்றன; அவை ஏறிய தடத்தைச் சுற்றி முட்டையும் மாவும் வெந்து இறுக, துளை அப்படியே நின்றுவிடுகிறது. மேல்தணலைத் தொடக்கத்திலேயே போட்டால் மேற்பரப்பு மூடிக்கொண்டு, வழக்கமான பொடித்துளைக் கேக்தான் மிஞ்சும்.

சூட்டால் சிதைந்த சோடா தன் பின்னால் சோடியம் கார்பனேட்டை விட்டுச்செல்கிறது. அந்தக் காரத்தன்மை, முட்டையிலும் பாலிலும் உள்ள புரதம் சர்க்கரையோடு வினைபுரிவதை விரைவாக்கிக் கேக்கின் நிறத்தை இன்னும் கருமையாக்கும். ஒருமுறை நான் கைதவறிச் சோடாவை இரட்டிப்பாகப் போட்டபோது நிறம் மிக அழகாக வந்தது. முதல் துண்டிலேயே சவுக்கார வாடை அடித்ததால் மீதியை யாரும் தொடவில்லை.