மேளம் இல்லாத மேடையில் தாளம் எங்கிருந்து வருகிறது?

அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவின் ஐவர் குழு 1984-இல் மான்ட்ரியல் ஜாஸ் விழாவில் வாசித்த கச்சேரி வீடியோவாகவும் வந்திருக்கிறது. வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிட்டார், டபுள் பாஸ். நடுவில் ஒரு காலைத் தூக்கி வைத்து, தொடைமேல் துருத்திப் பெட்டி ஒன்றை விரித்தபடி நிற்கும் பியாசோலா. டிரம்ஸ் கிடையாது. ஆனால் இந்தக் குழுவின் பதிவுகளைக் கண்ணை மூடிக் கேட்டால், யாரோ சின்ன டிரம்மைத் தட்டுவதுபோல இருக்கும். யாரோ உப்புத்தாளைத் தேய்ப்பதுபோலவும் இருக்கும். முதல்முறை கேட்டபோது என் ஹெட்போன் போய்விட்டது என்றே நினைத்தேன். ஒயரை ஆட்டிக்கூடப் பார்த்தேன்.

டாங்கோ, அர்ஜென்டினா தலைநகர் பூனஸ் ஐரிஸில் ஆடுவதற்காக வளர்ந்த இசை. அதை உட்கார்ந்து கேட்கும் கச்சேரியாக மாற்றியதில் பியாசோலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954-இல் பாரிஸுக்குப் போய் நாதியா பூலாஞ்சே என்ற இசை ஆசிரியையிடம் படித்தார். மறு வருஷம் ஊர் திரும்பி எலெக்ட்ரிக் கிட்டாரையும் சேர்த்து எட்டுப் பேர் குழு ஆரம்பித்தார். 'இது டாங்கோவே இல்லை' என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 1960-இல் ஐந்து பேர் கொண்ட புதுக் குழு ஆரம்பித்தார். அந்த ஐந்து வாத்தியக் கூட்டணியைத்தான் இன்றும் உலகமெங்கும் சின்னக் குழுக்கள் பின்பற்றுகின்றன.

சரி, தாளத்துக்கு வருவோம். காலால் நிதானமாக நான்கு தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு அட்சரம், ஆக எட்டு. அதன்மேல் வாயால் 'தகிட தகிட தக' என்று சொல்லுங்கள், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் அழுத்தி. மூன்று, மூன்று, இரண்டு; கணக்கு எட்டுதான். அழுத்தம் விழுவது 1, 4, 7-இல். கால் விழுவது 1, 3, 5, 7-இல். ஒன்றும் ஏழும் காலோடு ஒட்டிக்கொள்கின்றன. நாலு மட்டும் இரண்டு தட்டுக்கு நடுவில் தொங்குகிறது. அடுத்த தட்டு எப்போது என்று மூளை முன்கூட்டியே கணித்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்கிறது. 5-இல் வரவேண்டியது அரைத் தட்டு முந்தி 4-இல் வந்து விழுந்தால் ஒரு இடறல். 7-இல் காலும் காதும் மறுபடி சமாதானம். பியாசோலாவின் இசையில் திரும்பத் திரும்ப வரும் அந்தத் தள்ளுமுள்ளு இதுதான்.

இந்த அழுத்தங்கள் கூர்மையாக விழவேண்டும். மேளம் இருந்தால் ஒரு அடி போதும். இங்கே துருத்திப் பெட்டிதான் அந்த வேலையைச் செய்யவேண்டும்.

அந்தப் பெட்டியின் பெயர் பாண்டோனியன். சரக்கு ஜெர்மன் சரக்கு. 1840-களில் கிரேஃபெல்ட் நகரில் இசைக்கருவி விற்ற ஹைன்ரிஷ் பாண்ட் என்பவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அர்ஜென்டினாவில் வழக்கத்தில் உள்ள வகைக்கு வலப்பக்கம் 38, இடப்பக்கம் 33, மொத்தம் 71 பட்டன். ஒரே பட்டனை அழுத்தியபடி துருத்தியை விரித்தால் ஒரு சுரம், மூடினால் பெரும்பாலும் வேறொரு சுரம். பட்டன்கள் சுர வரிசைப்படியும் அமைந்திருக்காது. அதாவது இரண்டு கை, இரண்டு திசை என்று நான்கு வரைபடங்களை விரல் மனப்பாடம் செய்யவேண்டும். இப்படி ஒரு அமைப்பை எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ!

ஹார்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் உள்ளே இருப்பது அந்நியமாகத் தெரியாது. உலோகத் தகட்டில் ஒரு நீளமான சந்து. அதன்மேல் ஒரு முனை மட்டும் அறையப்பட்ட எஃகு நாக்கு: ரீடு. காற்று தள்ளும்போது நாக்கு சந்துக்குள் வளைந்து வழியை அடைக்கிறது. தன் விறைப்பால் திரும்பி வரும்போது வழி திறக்கிறது. 440 முறை இப்படி நடந்தால் வினாடிக்கு 440 துண்டாகக் காற்று வெட்டப்படுகிறது. நாம் கேட்பது உலோகத்தின் கிணுகிணுப்பை அல்ல, வெட்டுப்படும் காற்றை. வெட்டு எவ்வளவு சட்டென்று நடக்கிறதோ அவ்வளவு உயர் அதிர்வுகள் கலந்து ஒலிக்கு ஒரு காரம் ஏறுகிறது. நாக்கின் நீளமே சுருதியைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அதே கனத்தில் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி மேலே. சுருதி சேர்ப்பவர் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும்.

பாண்டோனியனில் ஒரு சுரத்துக்கு இரண்டு ரீடு. ஒன்று இன்னொன்றுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. பல அக்கார்டியன்களிலும் இரண்டு ரீடு உண்டு, ஆனால் அவற்றைக் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கொஞ்சம் பிசகவிட்டு வைப்பார்கள். 440-ம் 443-ம் சேர்ந்தால் வினாடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். அந்த நடுக்கம் திருவிழாக் குதூகலத்தைத் தரும். பாண்டோனியனில் நடுக்கம் இல்லை. மேல் ரீடின் அதிர்வுகள் கீழ் ரீடின் இரட்டைப்படை அதிர்வுகளோடு போய்ப் பொருந்தி அவற்றைத் தடிப்பாக்குகின்றன. அதனால்தான் அந்தக் குரல் நேராக, கொஞ்சம் உலர்ந்து, வயலினோடு சேர்ந்து வாசிக்கும்போதும் தனியாகத் தெரிகிறது.

அப்புறம் அந்தத் தொடை. அழுத்தம் வேண்டிய இடத்தில் கலைஞர் முழங்காலை லேசாக உயர்த்திப் பெட்டியின் எடையோடு கீழே விடுவார். துருத்திக்குள் காற்றழுத்தம் ஒரு நொடியில் எகிறும், எல்லா ரீடும் ஒன்றாக வெடிக்கும். அழுத்தம் மிஞ்சினால் சுருதி சற்று இறங்குவதும் உண்டு. பெரும்பாலான சொற்றொடர்களை விரிக்கும் திசையிலேயே வாசிப்பார்கள். பெட்டியின் எடை உதவிக்கு வருகிறது.

என் ஹெட்போனைச் சந்தேகப்பட வைத்தது வயலின். அந்த உத்திக்கு ஸ்பானிய மொழியில் 'சிச்சாரா', சில்வண்டு என்று பெயர். வழக்கமாக வில்லில் பூசிய ரோசின் என்ற பிசின் தந்தியைப் பிடித்து இழுக்கும், பிடி நழுவும், மறுபடி பிடிக்கும். ஒரு அதிர்வுக்கு ஒரு நழுவல் என்று ஒழுங்காக நடப்பதால் சுரம் பிறக்கிறது. சிச்சாராவில் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு அந்தப்பக்கம், தந்தியில் நூல் சுற்றிய இடத்தில் வில்லை அழுத்தித் தேய்ப்பார்கள். அங்கே பிடியும் நழுவலும் தாறுமாறாகிவிடும். சுரம் போய் 'கர்ர் கர்ர்' என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதைத் தாளத்தில் நறுக்கிக் கொடுத்தால் போதும். சின்ன டிரம் ஓசைக்கு வேறு வழி: விரல் நகத்தைத் தந்தியின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, அந்தத் தந்தியைச் சுண்டுவது. அதிரும் தந்தி நகத்தில் மோதிப் படபடக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது பாஸ்காரரின் வேலை. டபுள் பாஸின் அடித்தந்தி வினாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஒரு சுற்றுக்கே 24 மில்லிவினாடி. வில் பட்டபின் தந்தி நிலைக்கு வரப் பல சுற்றுகள் வேண்டும். தட்டு விழும் கணத்தில் ஆரம்பித்தால் ஒலி தாமதமாகத்தான் நிறையும். டாங்கோவில் அதனால் முன்கூட்டியே ஆரம்பிக்கிறார்கள். அடிச்சுரத்தை இழுத்து, ஒலியைப் பெருக்கிக்கொண்டே வந்து, தட்டில் மோதுகிறார்கள். 'அர்ராஸ்த்ரே', இழுப்பு, என்று இதற்குப் பெயர். பியானோவின் இடது கையும் அடிச்சுரங்களைக் குழப்பி அள்ளிக்கொண்டு கூடவே வரும். கனமான மரப்பெட்டியைத் தரையில் இழுத்து, சுவரில் இடித்து நிறுத்துகிற சத்தம் மாதிரி.

துருத்தியை எல்லை வரை விரித்தாயிற்று, இனி? வலது கட்டைவிரலுக்கு அருகே ஒரு நெம்புகோல் இருக்கிறது. அழுத்தினால் காற்று எந்த ரீடையும் தொடாமல் வெளியேறும், பெட்டி மூடிக்கொள்ளும். மைக் பக்கத்தில் இருந்தால் 'ஹ்ஹ்ஸ்' என்று கேட்கும். மூச்சு என்றே பலர் அதைச் சொல்கிறார்கள், காற்றுதானே அதுவும்.