விடுதலை ஆனாலும் கைரேகை தானாக அழியாது

வழக்கிலிருந்து விடுதலையாகி வந்தவர்களிடம், "ஸ்டேஷனில் எடுத்த கைரேகை என்னாச்சு?" என்று கேட்டால், "அதான் கேஸ் முடிஞ்சிருச்சே" என்பார்கள். கேஸ்தான் முடிந்தது. 2022ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, நீங்கள் மனுப் போட்டு அழிக்க வைக்காவிட்டால் அந்தப் பதிவு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். 22 வயதில் கைதானவருக்கு 97 வயதுவரை! 1920ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக இது 2022 ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

கைதானவர் கைரேகை, பாத ரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். முரண்டு பிடித்தால் அதற்கே தனி வழக்கு, 3 மாதம் வரை சிறை. ஆனால் ரத்தம், எச்சில், முடி போன்ற உயிரியல் மாதிரிகளின் கதை வேறு. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், 7 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம், இந்த இரண்டும் இல்லையென்றால் கொடுக்க முடியாது என்று சொல்லலாம். சாதாரணத் திருட்டும் சின்ன அடிதடியும் இப்படி மறுக்கக்கூடிய வகைதான்.

இதை ஸ்டேஷனில் யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. "வாயைத் திறங்க" என்று பஞ்சுக் குச்சியை உள்கன்னத்தில் நாலு தேய் தேய்த்து, உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஊசி குத்தவில்லையே என்று நம்மாட்களும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். டி.என்.ஏ. எடுக்க அந்த எச்சிலே போதும். கூடவே நிரப்பாத சம்மதப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டபின் "நான் மறுத்தேன்" என்று பேச இடமிருக்காது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "மாஜிஸ்திரேட் உத்தரவு இருக்கா?" அவர் உத்தரவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கைதாகாதவர்களுக்கும் அவர் அப்படி உத்தரவிடலாம்.

போராட்டத்துக்குப் போய், மண்டபத்தில் அடைக்கப்பட்டு மாலையில் வெளியே வருபவர்கள் கவனிக்க. தடையுத்தரவை மீறியதற்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ மட்டும் பிடித்திருந்தால், விதிகளின்படி உங்களிடம் ரேகைகூட எடுக்கக் கூடாது. வேறு குற்றப் பிரிவு ஒன்றைச் சேர்த்துவிட்டால் இந்த விலக்கு போச்சு. அதனால் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பிரிவுகளைப் படியுங்கள்.

அப்புறம், அழிப்பது. விசாரணையே இல்லாமல் விடப்பட்டாலோ, நீதிமன்றம் விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவித்தாலோ (டிஸ்சார்ஜ்), விசாரித்து விடுதலை செய்தாலோ பதிவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். அழிக்க வேண்டாம் என்று நீதிமன்றம் காரணம் எழுதி உத்தரவிட்டால் மட்டும் விலக்கு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு சிறைத் தண்டனைக்குரிய குற்றம் எதிலும் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. சிறைக்குப் போனீர்களா என்பது கேள்வியே அல்ல, அந்தக் குற்றத்துக்குச் சிறை விதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தவர், அது வெறும் அபராதம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. எனவே இந்த உரிமை அவருக்கு இல்லை. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ, வேலை முடிஞ்சுது" என்று யார் சொன்னாலும் வக்கீலைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

அடுத்தது, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அரசுத் தரப்பு அப்பீல் போயிருந்தால் அது தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, பதிவை அழிக்கக் கோரும் மனுவை யாரிடம் கொடுப்பது? ஸ்டேஷனில் "கோர்ட்டில் கேளு" என்பார்கள், கோர்ட்டில் "ஸ்டேஷனுக்குப் போ" என்பார்கள். இரண்டுமே தவறு. இதற்கென்றே மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரியான நோடல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அவர் யார் என்று ஸ்டேஷனில் தெரியவில்லை என்றால், மாநிலக் காவல் தலைமையகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவோடு தீர்ப்பின் சான்றிட்ட நகலை வையுங்கள். ஜெராக்ஸ் வைத்தால் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைத்துவிடும். வேறு வழக்கோடு அந்தப் பதிவுக்குத் தொடர்பில்லை என்று பார்த்த பிறகே நோடல் அதிகாரி பதிவை அழிக்கும்படி காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். ஆகவே மறந்துபோன பழைய வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிலே வராமல், அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேர்ந்தால், மனு கொடுத்ததற்கு அதுதான் ஆதாரம்.