"போன மாசம்தானே ஊசி போட்டீங்க டாக்டர்?"

கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் மறுமாதம் வந்ததும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். கண்ணில் ஊசி என்றாலே பயம், செலவு வேறு.

விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை வெளியிலிருந்து கட்டிப் பிடித்திருப்பவை பெரிசைட் செல்கள். இவை ஆஞ்சியோபாயட்டின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. குழாயின் உட்சுவர்ச் செல்லில் இருக்கும் டை-2 என்ற ஏற்பியில், அதாவது சேதி வாங்கும் இடத்தில், அது ஒட்டிக்கொண்டால், சுவர் இறுக்கமாக இருக்கும். பல வருஷம் சர்க்கரை ஏறியே கிடந்தால், முதலில் சாகிறவற்றில் இந்தப் பெரிசைட்களும் உண்டு. கூடவே ஆஞ்சியோபாயட்டின்-2 என்ற இன்னொரு புரதம் பெருகி, அதே ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. சுவர் தளர்ந்து நீர் கசிகிறது. கசிவு மையப் பகுதியில் என்றால், எதிரில் நிற்பவர் முகம் மங்கும்.

அப்புறம் சில குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, குழாய் வளரச் சொல்லி விஇஜிஎஃப் என்ற புரதத்தை அனுப்புகிறது. 1983-இல் குழாயைக் கசியவைக்கும் பொருளாகத்தான் இதை அறிந்தார்கள். குழாயை வளர்ப்பதும் அதுவே என்பது 1989-இல்தான் தெரிந்தது. கசிவும் வளர்ச்சியும் ஒரே புரதத்தின் வேலை! அவசரத்தில் முளைக்கும் குழாய்களுக்குப் பிடிமானம் இல்லை. ஒன்று கிழிந்தாலும் கண்ணுக்குள் ரத்தம். "கறுப்பா நூல் நூலா மிதக்குது" என்று வருவார்கள்.

ஊசி மருந்து, இருக்கிற விஇஜிஎஃப்பைச் சில வாரங்களுக்குக் கட்டிப்போடும், அவ்வளவுதான். பட்டினி கிடக்கும் விழித்திரை அதைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி ஊசி. லேசரில் ஓரத்து விழித்திரையைக் கொஞ்சம் காவு கொடுத்து ஆக்சிஜன் தேவையையே குறைக்கிறோம். முரட்டு வைத்தியம், ஆனால் பலன் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமேப் என்ற ஊசி மருந்து, விஇஜிஎஃப்போடு ஆஞ்சியோபாயட்டின்-2-ஐயும் சேர்த்துத் தடுக்கிறது. சிலருக்கு ஊசிகளுக்கு இடையே நான்கு மாதம் வரை விடலாம்.

இரண்டு ஊசியில் பார்வை தெளிந்ததும் வராமல் நின்றுவிட்ட ஓர் அம்மா, எட்டு மாதம் கழித்துக் கண் நிறைய ரத்தத்தோடு வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நாங்கள்தான் உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

போர்டில் கடைசி வரிவரை படிக்கிறவர்களுக்கும் உள்ளே கசிவு தொடங்கியிருக்கலாம். சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், துணைக்கு யாரையாவது கூட்டி வாருங்கள்.