பிளஸ் டூ முடிந்த கோடையில் ஒரு பயணம்: மூளை எதை எடுத்து வைக்கிறது?

மார்ச்சில் பொதுத்தேர்வு முடிகிறது. மே மாதம் ரிசல்ட். நீட் எழுதுகிறவர்களுக்கு அதுவும் மே மாதத்தில்தான். அப்புறம் கவுன்சலிங், ஃபீஸ், ஹாஸ்டலுக்குப் பெட்டி படுக்கை என்று ஓடி, மழைக்காலம் தொடங்குவதற்குள் பிள்ளை வேறு ஊரில் இருக்கும். இடையில் நாலைந்து நாள் கிடைக்கிற வீடுகளில் "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்ற பேச்சு எழும். "இருக்கிற செலவு போதாதா?" என்ற பதிலும் உடனே வரும். போய்வர வேண்டும் என்பதே என் கட்சி. பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூளை நினைவுகளைச் சேர்க்கும் விதத்தைப் பார்த்தாலே அதற்குப் போதிய காரணம் கிடைக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றில் மனதுக்கு வருவதையெல்லாம் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த வயதில் நடந்தது என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு விசித்திரம் தெரியும். சமீபத்தில் நடந்தவை நிறைய இருக்கும், அது இயல்பு. அதற்கு முன்னால் போகப்போக நினைவுகள் குறைந்துகொண்டே வந்து, பத்திலிருந்து முப்பது வயதுக்குள் மட்டும் திடீரென்று மேடாக எழும்பி நிற்கும். உளவியலாளர் டேவிட் ரூபினும் அவரது சகாக்களும் 1986-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இந்த நினைவு மேட்டைக் காட்டினார்கள். வாழ்க்கையின் 'முதல் முறை'கள் பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கின்றன, 'நான் யார்' என்ற எண்ணம் உருவாவதும் இப்போதுதான், மூளையின் கற்கும் திறனும் உச்சத்தில் இருக்கிறது என்று பல விளக்கங்கள் உண்டு. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம்.

பதினேழு வயதுப் பிள்ளை அந்த மேட்டில் ஏறி நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் எப்போதோ இறங்கிவிட்டார்கள். ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மலையைப் பார்த்தாலும், ஐம்பது வருடம் கழித்து அதைச் சொல்லப்போவது பிள்ளைதான்.

சரி, பார்த்தது எப்படி உள்ளே போகிறது? காதுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. 1953-இல் வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு அந்தப் பகுதியின் பெரும்பாலானதை எடுத்துவிட்டார்கள். பேச்சு, அறிவு, பழைய நினைவுகள் பலவும் அப்படியே இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை, 2008-இல் இறக்கும் வரை. நடப்பது நினைவாக மாறுவதற்கு வாசல் எது என்று அவரால்தான் தெரிந்தது.

அதே ஹிப்போகாம்பஸில் இடத்தைக் குறிக்கும் செல்களும் உண்டு. எலி ஓர் அறையின் குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், இன்னொரு இடத்துக்குப் போனால் வேறொரு செல். 1971-இல் இதை வெளியிட்ட ஜான் ஓ'கீஃபுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. புது இடத்துக்குப் போகும்போது மூளை புது வரைபடம் போடுகிறது; நடக்கிற சம்பவங்கள் அந்த வரைபடத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டு ஹாலில் பேசிய ஆயிரம் பேச்சுகளுக்கும் ஒரே வரைபடம்தான், அதனால் எது எப்போது பேசியது என்று குழம்பிப் போகிறது.

புதுமைக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புதிதாக எதையாவது சந்தித்தால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது அந்தப் புதுமையைப் பதிப்பதோடு நிற்பதில்லை, அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் நடந்த சாதாரண விஷயங்களையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அர்ஜென்டினாவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினார்கள். சிலருக்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, வழக்கமான பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத புதுமாதிரி அறிவியல் வகுப்பு ஒன்றும் நடந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கதை கூடுதலாக நினைவிருந்தது. நாலு மணி நேர இடைவெளி விட்டால் அந்தப் பலன் இல்லை. 2013-இல் வெளியான ஆய்வு இது. யோசித்துப் பாருங்கள்: அருவியைப் பார்த்துவிட்டு வந்து ரோட்டோரக் கடையில் டீ குடிக்கும்போது அம்மா தன் கல்லூரிக் கதையைச் சொன்னால், அருவியோடு அந்தக் கதைக்கும் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பி, 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடந்து 2,203 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டிக்கு ஏறுகிறது. கல்லாறு வரை சமதளம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த பட்டை ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடகடவென்று மாட்டிக்கொள்ள, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஜன்னலில் புகை வாடை. குகை வந்தால் சட்டென்று இருட்டு, எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரே கூச்சல், வெளியே வந்தால் வேறொரு பள்ளத்தாக்கு. வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கிக் கை காலை நீட்டுவார்கள், குரங்கு பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போகும். குன்னூர் வருவதற்குள் பையிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வந்திருக்கும்.

மூளைக்கு இது நல்ல தீனி. ஒரு முழு நாளை நாம் ஒரே நீளமாக நினைவில் வைப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டி வைக்கிறோம். படம் பார்க்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது தெரிந்தது. குகை, பாலம், குளிர், ஸ்டேஷன் என்று இந்த ரயில் அப்படிப்பட்ட மாறுதல்களை வரிசையாகக் கொடுக்கிறது. வாசனைக்குத் தனிச் சலுகை: மற்ற புலன்களின் செய்தி மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போக, வாசனை மட்டும் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவை நேராகவே எட்டிவிடும். (கோடையில் இந்த ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, தேர்வு நடக்கும்போதே போட்டு வைத்துவிடுங்கள்.)

ஆனால் மாறுதல் என்ற பெயரில் இரண்டு நாளில் பத்து இடம் என்று வேனில் ஓடினால் காரியம் கெட்டது. அமெரிக்க உளவியலாளர் மேரிகோல்ட் லின்டன் 1972 முதல் ஆறு வருடம் தன் வாழ்க்கையில் நடந்தவற்றைத் தினமும் எழுதி வைத்துத் தன்னையே சோதித்துக்கொண்டார். ஒரே மாதிரி நடந்தவை ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் போனது அவருக்குத் தெரிந்தது. மூன்று வியூ பாயின்ட், மூன்று பூங்கா, ஆறு சாக்லேட் கடை என்றால் நமக்கும் அதுதான் நடக்கும். ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும்.

இரவுத் தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது. பகலில் எலி நடந்த பாதையில் துடித்த செல்களே, அது தூங்கும்போது மறுபடியும் சேர்ந்து துடிப்பதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் கண்டார்கள். பால் இரவில் அசையாமல் இருந்து உறைவதுபோல, பகலில் பார்த்தது தூக்கத்தில்தான் நிலைப்படுகிறது. "நைட்ல வண்டி ஓட்டினா ஒரு நாள் மிச்சம்" என்ற கணக்கில் நஷ்டப்படுவது நினைவு.

பயணத்தின் முடிவு நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருந்ததாகத் தோன்றும் என்று பலர் சொல்வார்கள். உளவியலாளர் டேனியல் கானமனின் 1993-ஆம் ஆண்டுச் சோதனையிலிருந்து வந்த பேச்சு இது; 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கை வைப்பதைவிட, அதோடு இன்னும் 30 விநாடி சற்றே சூடேறிய நீரில் வைத்திருந்ததையே பெரும்பாலோர் மறுபடி செய்யத் தேர்ந்தெடுத்தார்கள். விடுமுறைக்கு இது அப்படியே பொருந்தவில்லை. நியூசிலாந்தில் சைமன் கெம்பும் சகாக்களும் 2008-இல், விடுமுறையிலிருந்த மாணவர்களின் மகிழ்ச்சியை நாள்தோறும் கேட்டுக் குறித்து, பிறகு முழு விடுமுறையையும் மதிப்பிடச் சொன்னார்கள். கடைசி நாளைவிட, மிகவும் நினைவில் நின்ற, மிகவும் வழக்கத்துக்கு மாறான ஒரு நாளே அந்த மதிப்பீட்டோடு நன்றாகப் பொருந்தியது. ஆகவே காசையும் கவனத்தையும் ஒரு நாளில் கொட்டுங்கள்.

அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு இருக்கட்டும். தாங்களே பொத்தானைத் தேர்ந்து அழுத்தித் திறந்த படங்கள், சொன்னபடி அழுத்தித் திறந்த படங்களைவிட நன்றாக நினைவிருந்ததை விஷ்ணு மூர்த்தியும் சகாக்களும் 2015-இல் காட்டினார்கள். அத்தனை சின்னத் தேர்வுக்கே பலன் உண்டு என்றால், "இந்த ஒரு நாள் உன் பொறுப்பு, ரூட், சாப்பாடு எல்லாம் நீயே பாத்துக்கோ" என்று அப்பா சொல்வதற்கு என்ன எடை இருக்கும்!

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்த பொருட்களைவிட மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. லிண்டா ஹென்கெலின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு இது. நின்று கவனித்து எடுக்கிற நாலு படம் போதும்.

எஞ்சியிருப்பது பேச்சு. நினைவு கூப்பிடும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறது. கூப்பிடாவிட்டால் வழி தூர்ந்துவிடும். டச்சு உளவியலாளர் வில்லெம் வாகெனார் ஆறு வருடத்தில் 2,400 சம்பவங்களை, என்ன, யார், எங்கே, எப்போது என்று குறித்து வைத்துத் தன்னைச் சோதித்தார். 'என்ன' என்ற குறிப்பு நினைவை நன்றாக எழுப்பியது, 'எப்போது' என்பது அநேகமாக உதவவே இல்லை. முழுக்க மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்த சம்பவங்கள்கூட, அங்கே உடனிருந்தவர் இன்னொரு விவரத்தைச் சொன்னதும் திரும்ப வந்தன. உடனிருந்தவர் என்றால் நம் வீட்டில் அம்மா, அப்பா, தங்கை. தீபாவளி லீவில் பிள்ளை ஹாஸ்டலிலிருந்து வரும்போது "ஊட்டிக்கு எப்ப போனோம்?" என்று கேட்டால் தேதி வருமோ வராதோ. "குகைக்குள்ள போனப்ப பயந்து அப்பா கையப் பிடிச்சது யாரு?" என்று கேளுங்கள். பதில் ஆளுக்கொன்று வரும். யார் சொல்வது சரி என்று ஒரு மணி நேரம் சண்டை நடக்கட்டும்.