தூக்க மாத்திரை என்று சொல்லி மறைக்காதீர்கள்

மனநல மாத்திரை எடுப்பதை வேறு டாக்டரிடம் சொல்லாமல் ஆபத்தில் சிக்கியவர், போன வாரம் இன்னொருவர். அறுபதைத் தாண்டிய அம்மா. மனச்சோர்வுக்காக என்னிடம் எட்டு மாதமாக எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். நன்றாகத் தேறி வந்தார். மூட்டுவலி என்று எலும்பு டாக்டரிடம் போயிருக்கிறார். "வேற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களாம்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் மருமகள். "பிரஷருக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்.

வலிக்கு டிரமடால் தரப்பட்டது. மறுநாள் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்து, நிலைகொள்ளாமல் தவித்திருக்கிறார். குளிர்காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்! இரண்டு மருந்துமே செரோட்டோனினை, அதாவது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனத்தைக் கூட்டுபவை. சேர்ந்தால் அது அளவு மீறி வருவது செரோட்டோனின் சிண்ட்ரோம். முற்றினால் ஜுரம் 106 டிகிரியைத் தாண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அது தூக்க மாத்திரைதானே டாக்டர், அதையெல்லாம் சொல்லணுமா?"

அது தூக்க மாத்திரை இல்லை. எஸ்சிட்டலோப்ராம், அதே வகையைச் சேர்ந்த செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் எதுவும் தூக்கத்துக்காகக் கொடுப்பதில்லை. ஃப்ளூவாக்ஸெடின் சிலருக்கு இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும், அதனால்தான் காலையில் போடச் சொல்கிறோம். மண்டைக்குள் மட்டும் போய் உட்காரும் மருந்தும் இல்லை. உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. ரத்தம் உறையவும் அது வேண்டும்; இந்த மாத்திரைகளோ ரத்தத் தட்டணுக்களுக்குள் அது போகவிடாமல் தடுக்கும். அதனால்தான் இந்த மாத்திரையோடு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. சில பிரஷர் மாத்திரைகளில் இருக்கும், சிறுநீரைக் கூட்டும் தையசைடு சேர்ந்தால், வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிக் குழப்பம் வரலாம். "பாட்டிக்கு திடீர்னு மறதி" என்று கூட்டி வருவார்கள். நான் முதலில் சோடியம்தான் பார்ப்பேன்.

"போன வாரமே நிறுத்திட்டேன், அதான் சொல்லல" என்பவர்களும் உண்டு. ஃப்ளூவாக்ஸெடின் உடம்பை விட்டு முழுதாகப் போக ஐந்து வாரம்கூட ஆகும். நிறுத்தியதையும் சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இதே வகை மாத்திரைகளான பராக்ஸெடினும் ஃப்ளூவாக்ஸெடினும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். எங்களுக்குத் தெரிந்தால் வேறு மாத்திரை தருவோம், அவ்வளவுதான். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் இருமலுக்கு சிரப் கேட்டு வாங்குவதை விடுங்கள். அதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்ற இருமல் மருந்து இருக்கிறதா என்று கேட்காமல் தொடாதீர்கள்; அதுவும் செரோட்டோனினைக் கூட்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லினசோலிட் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்தானது.

மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமா? சீட்டில் எழுதி நீட்டுங்கள், அல்லது "தனியா பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள். சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடும்பமே சுற்றி நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. ஒரு நிமிடம் அவர்களை வெளியே அனுப்புங்கள்.

புது மருந்து ஆரம்பித்த ஒன்றிரண்டு நாளில் நடுக்கம், வியர்வை, கைகால் வெட்டுதல், படபடப்பு வந்தால் போர்த்தி விடாதீர்கள். எல்லா அட்டைகளையும் அள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து, இன்று இரவு போட வேண்டிய மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. சந்தேகம் இருந்தால் நாளைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.