அசைன்மென்ட்: ஒதுக்குவதா, இருத்துவதா?

காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் மடிக்கணினியோடு வந்து வளவில் உட்கார்ந்தாள். கையில் யாரோ தமிழாக்கிய தாள். தலைப்பு 'நிரலாக்க ஒதுக்கீடு', அதாவது 'புரோகிராமிங் அசைன்மென்ட்'. ஒதுக்கீடு என்ற இந்தச் சொல்லை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

'அசைன்' லத்தீன் 'அசிக்னாரே'யிலிருந்து வந்தது. 'சிக்னும்' என்றால் குறி. இன்னாருக்கு இது என்று குறித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் ஆசிரியர் தரும் பயிற்சியையும் குறிக்கும், கணினி நிரலில் ஒரு மாறிக்கு, அதாவது மதிப்பைத் தாங்கும் ஒரு பெயருக்கு, மதிப்புக் கொடுப்பதையும் குறிக்கும். தமிழில் முதலாவது ஒப்படைப்பு. இலங்கையில் ஒப்படை என்பார்கள். இரண்டாவது மதிப்பிருத்தல்.

ஒதுக்கீடு இரண்டுமே இல்லை. இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்கிறோமே, மொத்தத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பதுதான் அது. நினைவக ஒதுக்கீடு என்றால் சரி, அங்கே உண்மையாகவே இடம் ஒதுக்குகிறோம். மாறியில் மதிப்பை வைப்பதற்கும் அதையே சொன்னால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

கணக்கு இதுதான்: 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. 0.01 நொடிக்கு ஒருமுறை வேகத்தையும் உயரத்தையும் சைலேப் (Scilab) என்ற கணக்கீட்டு மென்பொருளில் கணக்கிட்டு வரைபடம் போட வேண்டும். தாளில் 'வேகம் − 9.8 × 0.01 என்பதை வேகத்திற்கு ஒதுக்குக' என்றிருந்தது. அவள் அதைப் புதுவேகம் என்று வேறொரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு, உயரத்துக்குப் பழைய வேகத்தையே போட்டிருந்தாள். அதுவோ சுழியம். வரைபடத்தில் கல் 20 மீட்டரிலேயே அந்தரத்தில் நின்றது.

"ஒதுக்கத்தானே சித்தப்பா சொல்லியிருக்கு?" என்றாள். அவள் தமிழில் பிழையே இல்லை.

அய்யாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினேன். நேற்றைய இருப்போடு இன்றைய வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் வருவதும் இருப்புதான். பெயர் அதேதான், தொகைதான் வேறு. 'வேகம் = வேகம் − 9.8 × 0.01' என்பதும் அப்படித்தான். அதைச் சமம் என்று படித்தால் கணிதத்தில் பொய். பாஸ்கல் என்ற நிரல்மொழி மதிப்பிருத்தலுக்குச் சமக்குறியின் முன்னால் முக்காற்புள்ளி (:=) போட்டதும், மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருள் சமன்பாட்டுக்கு இரட்டைச் சமக்குறி (==) கேட்பதும் இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான். இருப்பு, இருத்தல் இரண்டும் 'இரு'வில் பிறந்தவை. இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்?

சிலர் 'நியமனம்' என்கிறார்கள். அது ஆளை வேலைக்கு வைப்பது, எண்ணுக்கு ஒட்டாது. மதிப்பிருத்தல் நீளம் என்பவர்கள் இருத்தல் என்று மட்டும் சொல்லட்டும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைப்பவர்கள், தாங்கள் எழுதிய வரியைப் படித்து ஒரு பிள்ளை நிரல் எழுதும் என்பதை நினைப்பதே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவள் அந்த ஒரு வரியை மாற்றி ஓட்டினாள். இரண்டு நொடிக்குச் சற்றுக் கூடுதலில் கல் தரையைத் தொட்டது.