பழைய சின்ன காரோட பின் சஸ்பென்ஷன மாத்தலாமா, சட்டம் என்ன சொல்லுது

பத்து பதினஞ்சு வருஷம் ஓடின சின்ன கார்னா பின்பக்கம் கொஞ்சம் உக்காந்துதான் போயிருக்கும், பின்சீட்டுல மூணு பேர் ஏறினாலே ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும். உடனே ஒருத்தர் ஸ்பேசர் (வண்டிய தூக்கிக் காட்ட ஸ்பிரிங்கோட வைக்கற துண்டு) வைங்கன்னுவாரு, இன்னொருத்தர் பெரிய வண்டியோட காயில் ஸ்பிரிங்க போடுங்கன்னுவாரு, சில பேரு நேர் எதிரா ஸ்பிரிங்க அறுத்து வண்டிய லோ பண்ணிடுவாங்க. இதுல எதுக்கு யாரையும் கேக்க வேணாம், எது குத்தம்னு தெளிவா சொல்ல ஆள் கம்மி, அதான் இத எழுதுறேன்.

அடிப்படை விதி மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவு. கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துக்கும் ஆர்சில இருக்கற விவரத்துக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி ஓனர் வண்டிய மாத்தக்கூடாது, இதான் அதோட சாரம். அப்படின்னா ஆர்சில சஸ்பென்ஷன் பத்தி ஒரு வரி கூட இல்லையே, மாத்தினா என்னன்னு நிறைய பேர் கேப்பாங்க, நியாயமான கேள்விதான். ஆனா அதே பிரிவு "மாற்றம்"னா என்னன்னும் சொல்லுது: வண்டியோட கட்டமைப்புல செய்யற மாற்றத்தால அதோட அடிப்படைத் தன்மையே மாறினா அது மாற்றம். 2019 ஜனவரில கேரளாவுலேருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியோட ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன மீறி மாத்த முடியாதுன்னு அழுத்தமா சொல்லிடுச்சு.

இத வச்சுப் பாத்தா தேய்ஞ்ச ஷாக் அப்சார்பர், சோர்ந்து போன காயில் ஸ்பிரிங், வெடிச்ச புஷ் (இணைப்புல இருக்கற ரப்பர் வளையம்), பழைய வண்டின்னா உடைஞ்ச லீஃப் பட்டை, இதெல்லாம் அதே மாடலுக்கு கம்பெனி சொன்ன அளவுல புதுசா போட்டா அது வெறும் ரிப்பேர். அனுமதி வேணாம், ஆர்டிஓ ஆபீஸ் பக்கமே போக வேணாம், பில்ல மட்டும் பத்திரமா வைங்க. பின்னாடி உக்காந்த முக்கால்வாசி வண்டிக்கு இதுவே போதும்ங்கறது என் கருத்து, ஏன்னா உயரம் குறைஞ்சதுக்கு காரணம் டிசைன் இல்ல, ஸ்பிரிங் வயசாயிடுச்சு அவ்ளோதான்.

ஆக்சில மாத்தறது, வேற வண்டியோட பீம வெல்டிங் பண்ணி ஏத்தறது, ஷாக் மாட்டற இடத்தையே வெட்டி தள்ளி வைக்கறது, இதெல்லாம் சந்தேகமே இல்லாம மாற்றம்தான். ரப்பர் பஃபர், சின்ன ஸ்பேசர் மாதிரி விஷயத்துக்கு சட்டத்துல பேர் சொல்லி எதுவும் இல்ல, அதனால பாக்கற பிரேக் இன்ஸ்பெக்டர் எப்படி எடுத்துக்கறாருங்கறதப் பொறுத்து போயிடுது, நான் இருந்தா அத நம்பி இறங்க மாட்டேன்.

ஏன் இவ்ளோ கறார்னா ஒரு உதாரணம் பாருங்க. சில வண்டில பின் பிரேக்குக்கு போற பிரஷர கட்டுப்படுத்த ஒரு வால்வு இருக்கும், ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ வழியா அது பின் ஆக்சிலோட இணைஞ்சிருக்கும். பாடிக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி கூடினா வண்டில லோடு இல்லன்னு எடுத்துக்கிட்டு அது பின் பிரேக்கோட பிரஷர குறைச்சிடும். ஸ்பேசர் போட்டு தூக்கிட்டீங்கன்னா நாலு பேர் உக்காந்திருக்கும்போதும் அது காலி வண்டின்னே நினைக்கும், பிரேக் அடிச்சா நிக்கற தூரம் கூடிடும், ஓட்டறவருக்கு காரணமே புரியாது. அறுத்த ஸ்பிரிங் இன்னும் மோசம், பெரிய பள்ளத்துல சக்கரம் முழுசா கீழ இறங்கும்போது ஸ்பிரிங் அது உக்கார்ற இடமான ஸ்பிரிங் சீட்ட விட்டு லூசாகி நகர வாய்ப்பு இருக்கு.

தண்டனைக்கு வருவோம். 2019 திருத்தத்துல 182ஏ பிரிவு வந்துச்சு, அனுமதி இல்லாத மாற்றம் செஞ்ச ஓனருக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்"ங்கறத கவனிங்க, மொத்த வண்டிக்கும் சேர்த்து 5000 இல்ல. இது தவிர, ரோட்ல ஓட்டினா ஆபத்துன்னு தெரிஞ்சா 53வது பிரிவுல வண்டியோட பதிவையே தற்காலிகமா நிறுத்தி வைக்கவும் ஆர்டிஓவுக்கு அதிகாரம் இருக்கு.

விதிவிலக்கும் இருக்கு. சிஎன்ஜி மாதிரி வேற எரிபொருளுக்கு அங்கீகரிச்ச கிட் போட்டு ஆர்சில ஏத்திக்கலாம், மாற்றுத்திறனாளிகள் ஓட்டறதுக்கு ஏத்த மாதிரி வண்டிய மாத்தறதுக்கும் வழி இருக்கு. டிக்கில சிலிண்டர் வச்சதும் பின்னாடி வெயிட் ஏறி வண்டி இறங்கும், அப்ப பலரும் ஸ்பிரிங்க மாத்தப் போவாங்க, ஆனா கிட்டுக்கு கிடைச்ச அனுமதி சஸ்பென்ஷனுக்கு கிடைச்ச அனுமதி ஆகாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சொந்த காருக்கு ஆர்சி 15 வருஷம்தான் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், காலாவதி தேதிக்கு முன்னாடி 60 நாளுக்குள்ள படிவம் 25ல விண்ணப்பிக்கலாம். வண்டிய நேர்ல காட்டணும், பழைய கார்ல செஞ்ச வேலை பெரும்பாலும் மாட்டறது இங்கதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க முன்னாடி இருந்த ஓனர் செஞ்ச வேலைக்கும் சேர்த்து பதில் சொல்ல வேண்டி வரும், அதனால வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போய் லிஃப்ட்ல ஏத்தி ஸ்பிரிங் சீட், ஷாக் மவுண்ட் பக்கத்துல புது வெல்டிங் தழும்பு இருக்கான்னு பாக்க சொல்லுங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா புதுப்பிக்கப் போறதுக்கு முன்னாடி கம்பெனி அளவுக்கே திருப்பி மாட்டிடுங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயும் வண்டில செஞ்ச மாற்றத்த சொல்லியாகணும். சொல்லாம விட்டா சொந்த வண்டி சேதத்துக்கு கிளைம் போடறப்ப சர்வேயர் அத பாத்துட்டு கையை விரிச்சிடலாம்.